தண்டாலும் பர்பியும்

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்கும் தேகப்பயிற்சிச் சாலைக்கும் நடுவில் ஒரே ஒரு மண் சுவர். கல்யாணமாகி அந்த வீட்டை விட்டுக் கிளம்பும் வரை ஒருநாள்கூட அந்தச் சுவரைத் தாண்டி நான் உள்ளே போனதில்லை. பெண்கள் வரக் கூடாது என்று யாரும் பலகை எழுதி மாட்டவில்லை. அது ஆம்பிளைகள் போகிற இடம் என்பது ஊருக்கே தெரியும், அவ்வளவுதான். ஆனால் உள்ளே நடப்பதெல்லாம் காது வழியாக எனக்கு மனப்பாடம். விடியற்காலை மில் சங்கு ஊதுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். உள்ளங்கைகள் மண்ணில் பதிகிற சத்தம், இருபது பேர் ஒன்றாக மூச்சு விடுகிற சத்தம், அதற்கு மேலே வாத்தியாரின் குரல்: “நாப்பத்தெட்டு… நாப்பத்தொம்போது… அம்பது, எந்திரி.”

இப்போது எனக்கு ஐம்பத்து நாலு வயது. வாரத்தில் மூன்று நாள் காலை ஆறேகாலுக்கு, அவிநாசி ரோட்டை ஒட்டிய ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில், அதே சத்தங்களுக்கு நடுவில் நானும் நிற்கிறேன். உள்ளங்கை பதிவது ரப்பர் பாயில். எண்ணுவது சுவரில் மாட்டியிருக்கும் டைமர். மொத்தம் முப்பதே நிமிடம். ‘ஹிட் கிளாஸ்’ என்கிறார்கள். குறைந்த நேரத்தில் உடம்பை உச்சத்துக்குக் கொண்டுபோய், கொஞ்சம் ஓய்வு விட்டு, திரும்ப உச்சத்துக்குக் கொண்டுபோகிற கூட்டுப் பயிற்சி. இந்த இரண்டு இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சாலை என்றதும் பெரிய மண்டபம் என்று நினைத்துவிட வேண்டாம். ஓடு வேய்ந்த ஒரு கொட்டகை. நடுவில் செம்மண்ணைச் சலித்து நல்லெண்ணெயும் மஞ்சளும் கலந்து கொத்திப்போட்ட குஸ்திக் கோதா. ஒரு பக்கம் சிங்கிள் பார், பேரலல் பார், பிடி கழன்ற நாலைந்து இரும்பு எடைகள். சுவரில் அனுமார் படம், அதன் கீழே வரிசையாகச் சாத்தி வைத்த கர்லாக்கட்டைகள். இதெல்லாம் என் சித்தப்பா சொல்லித் தெரிந்தது. அவருக்கு இப்போது எழுபத்தாறு வயது. பதினாறு வயதில் மில் வேலைக்குப் போன அதே வருடம் சாலையிலும் சேர்ந்தார். பைகாரா மின்சாரம் வந்த 1930களில் கோயம்புத்தூரைச் சுற்றி மில்கள் பெருகின. எங்கள் பகுதியில் மில் இருந்த இடத்திலெல்லாம் ஒரு டீக்கடையும், ஒரு சங்கக் கொடியும், ஒரு தேகப்பயிற்சிச் சாலையும் இருந்தன என்பார். முதல் ஷிப்ட் போகிறவர்கள் விடியலில் வருவார்கள், ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் சாயங்காலம்.

அந்தக் காலத்து உடற்பயிற்சி மோகத்துக்கு ஒரு வெளிநாட்டுக்காரரும் காரணம். பிரஷ்யாவில் பிறந்த யூஜின் சாண்டோ என்ற பலசாலி 1904-05இல் இந்தியாவுக்கு வந்து ஊர் ஊராக உடற்கட்டைக் காட்டிவிட்டுப் போனார். அவரை நேரில் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பெயர் மட்டும் நம் மொழியிலேயே தங்கிவிட்டது. கோவை ராமநாதபுரத்தில் பிறந்து படத்தயாரிப்பில் கொடிகட்டிப் பறந்த சின்னப்பா தேவர் கடைசி வரை ‘சாண்டோ’ சின்னப்பா தேவர்தான். கை வைக்காத பனியனை இன்றைக்கும் கடையில் சாண்டோ பனியன் என்றுதான் கேட்டு வாங்குகிறோம். பயணம் எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. நம் கர்லாக்கட்டையை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பட்டாளத்தார் இங்கே பார்த்துப் பழகிக்கொண்டு தங்கள் ஊருக்கு எடுத்துப் போனார்கள். அங்கிருந்து அமெரிக்கா வரை போனது. 1904 செயின்ட் லூயிஸ், 1932 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்குகளில் கட்டை சுற்றுவது ஒரு போட்டியாகவே இருந்தது.

சித்தப்பாவின் கர்லாக்கட்டை ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். போன வருடம் நான் அதைத் துடைத்து எடுத்தேன். கீழ்ப்பக்கம் தடித்த மரம், கரி நிறத்துக்கு வந்துவிட்டது. கைப்பிடி மட்டும் வெளுத்து, நடுவில் விரல்கள் படிகிற இடத்தில் லேசாகக் குழிந்திருந்தது. அந்தக் குழியில் என் விரல்கள் பொருந்தவில்லை. சித்தப்பாவின் கை பெரிய கை. ஒரு தடவை தலைக்குப் பின்னால் சுற்றிப் பார்த்தேன். தோள்பட்டையில் நான் அதுவரை அறியாத ஒரு தசை விழித்துக்கொண்டது. “மெதுவா, மெதுவா” என்று சித்தப்பா கட்டிலிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் தண்டால் நடந்தபோது, இந்தப் பக்கம் பெண்கள் சும்மா இருக்கவில்லை. கம்பு குத்துகிற நாளில் என் பாட்டியும் அத்தையும் ஒரே உரலின் இரு பக்கமும் நிற்பார்கள். ஒரு உலக்கை இறங்கும்போது மற்றது மேலே போகும். முப்பது நாற்பது குத்து, மூச்சு வாங்கும், நிறுத்திப் புடைப்பார்கள், திரும்பக் குத்துவார்கள். இன்றைக்கு என் வகுப்பில் நாற்பது விநாடி வேலை, இருபது விநாடி ஓய்வு என்று டைமர் அடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த உரல்தான் ஞாபகம் வருகிறது. அதற்காக அந்தக் காலத்துப் பெண்கள் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று பாட்டுப் பாட எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை பெற்ற மூன்றாம் மாதமே உரலுக்கு நின்ற பாட்டிக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது; சாகும் வரை யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை. வேலை வேறு, பயிற்சி வேறு. வேலையில் நிறுத்துகிற உரிமை நம் கையில் கிடையாது. சித்தப்பாவுக்குச் சாலை முடிந்ததும் ஊறவைத்த கொண்டைக்கடலையும் நாட்டுக்கோழி முட்டையும் இருந்தது. பாட்டிக்கு, எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சிய கூழ்.

பிறகு உரல் போனது, அம்மி போனது, ஆட்டுக்கல் போனது. ஆட்டுக்கல்லை ஒழித்த வெட் கிரைண்டர் எங்கள் ஊர்ச் சரக்கு. புவிசார் குறியீடே கோயம்புத்தூர் பேரில்தான் இருக்கிறது. அம்மாவின் தோளை அது காப்பாற்றியது. அதற்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன். ஆனால் போன வேலையின் இடத்தில் வேறெதுவும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் டிரில் பீரியட் இருந்தது. உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியைத் தொடங்கியது 1920இல். அந்தப் படிப்பின் பலன் எங்கள் பெண்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது, வயசுக்கு வந்த பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து எம்பிராய்டரி போட்டுக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருடம் ஒரு வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்து வேலை. ஐம்பத்து மூன்றாவது வயதில் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.2 என்று வந்தது. இன்னும் சர்க்கரை வியாதி ஆகவில்லை, வாசலில் நிற்கிறீர்கள் என்றார் டாக்டர்.

அப்படித்தான் நான் அந்த இரண்டாவது மாடிக்குப் படியேறினேன்.

முதல் நாள் உள்ளே போனபோது, சுவருக்கு இந்தப் பக்கமே நின்ற அந்தச் சிறு பெண்ணாகத்தான் என்னை உணர்ந்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. இருபத்திரண்டு பேரில் பதினாலு பேர் பெண்கள். ஐ.டி. கம்பெனிப் பெண்கள், ஒரு பல் டாக்டர், சாய்பாபா காலனியிலிருந்து ஸ்கூட்டரில் வரும் மாமியார் மருமகள். கற்றுக்கொடுப்பவர் இருபத்தாறு வயதுப் பெண், பொள்ளாச்சிப் பக்கம், உடற்கல்வி படித்தவர். எல்லாரும் அவரைக் கோச் என்று கூப்பிடுகிறார்கள். அவர் என்னிடம் வந்து முதலில் கேட்டது: “அக்கா, பிரஷர் மாத்திரை எதாச்சும் சாப்பிடறீங்களா? மூட்டு எப்படிங்க இருக்கு? கடைசியா வேகமா நடந்து எத்தனை நாளாச்சுங்க?” நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு மெதுவாக, யாருக்கும் கேட்காமல், “குதிக்கும்போது யூரின் லீக் ஆகுதுங்களா அக்கா?” என்றார்.

பாட்டி சாகும் வரை வாயைத் திறக்காத விஷயம். என் தலைமுறைப் பெண்கள் பஸ்ஸில் தும்மல் வந்தால் காலைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கிற விஷயம். அதை ஒரு சின்னப் பெண் பல் வலி இருக்கா என்று கேட்பதுபோலக் கேட்டுவிட்டு, குதிக்காமல் காலை மாற்றி மாற்றிப் பின்னால் வைக்கச் சொன்னார். இடுப்பின் அடித்தளத் தசையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியையும் தனியாகச் சொல்லிக்கொடுத்தார். அன்றைக்கும் இன்றைக்கும் நடந்த மாற்றங்களில் மற்ற எதையும்விட இதைத்தான் நான் உயர்வாகச் சொல்வேன்.

முப்பது நிமிடம் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். முதல் ஆறு நிமிடம் உடம்பைச் சூடாக்குவது. அடுத்த பன்னிரண்டு நிமிடம் நாற்பதுக்கு இருபது: ஸ்குவாட், மவுண்டன் கிளைம்பர், கெட்டில்பெல்லைத் தூக்கி ஆட்டுவது, பிளாங்க். இரண்டு நிமிடம் தண்ணீர். பிறகு நாலு நிமிடம் ‘டபாடா’: இருபது விநாடி வேலை, பத்து விநாடி ஓய்வு, எட்டுச் சுற்று. கடைசி ஆறு நிமிடம் நீட்டி மடக்கித் தளர்த்துவது. ஆறேமுக்காலுக்கு எல்லாரும் படியிறங்கிவிடுவோம். ஏழரைக்குப் பஸ் பிடிக்கிற பெண்ணுக்கு, எட்டு மணிக்குள் இரண்டு டிபன் பாக்ஸ் கட்டுகிற பெண்ணுக்கு, இந்தக் கணக்குதான் வாசலைத் திறந்துவிட்டது. சித்தப்பா சாலையில் காலையில் ஒன்றரை மணி நேரம் இருப்பார். அந்த நேரத்தில் சித்தி அவருக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சமைத்துக்கொண்டிருப்பார்.

டபாடா என்பது ஒரு ஜப்பானியரின் பெயர். இசுமி டபாடா என்ற விளையாட்டு அறிவியல் அறிஞர் 1996இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. முறையை வகுத்தவர் ஜப்பானிய ஸ்கேட்டிங் அணியின் பயிற்சியாளர் கோய்ச்சி இரிசாவா. அதை அளந்து நிரூபித்தவர் டபாடா. ஒரு குழு வாரத்தில் ஐந்து நாள், தினம் ஒரு மணி நேரம் நிதானமாகச் சைக்கிள் மிதித்தது. இன்னொரு குழு வாரத்தில் நாலு நாள் இந்த நாலு நிமிட முறையில் மிதித்தது, ஐந்தாம் நாள் மட்டும் அரை மணி நேர நிதான மிதிப்பும், அதோடு இந்த முறையில் நாலே சுற்றும். ஆறு வாரத்தில் இரண்டு குழுவுக்குமே ஆக்சிஜனை உள்வாங்கும் திறன் கூடியது. ஆனால் ஆக்சிஜன் போதாத நிலையிலும் தசை தாக்குப்பிடிக்கும் திறன் நாலு நிமிடக் குழுவுக்கு மட்டும் 28 சதவீதம் ஏறியிருந்தது. மற்றக் குழுவுக்கு அது அசையவே இல்லை.

இந்த ஆய்வைத்தான் உலகம் முழுக்க விளம்பரமாக்கியிருக்கிறார்கள். விளம்பரத்தில் வராத ஒரு விவரம் உண்டு. அதில் கலந்துகொண்டவர்கள் ஏற்கெனவே விளையாட்டில் ஊறிய, இருபதுகளில் இருந்த கல்லூரிப் பையன்கள். மிதித்தது நிலையான சைக்கிளில். விழுவதற்கும் மூட்டுப் பிசகுவதற்கும் வாய்ப்புக் குறைவு. ஏழாவது எட்டாவது சுற்றில் இனி முடியாது என்கிற அளவுக்கு வேகம் வைத்தார்கள். என்னைப் போன்ற ஒரு வங்கிக்காரி அதே பெயரில் எட்டுச் சுற்று ஸ்குவாட் போட்டால், அது அந்த ஆய்வு ஆகிவிடாது. நல்ல பயிற்சிதான், அதை அதன் அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு 75 முதல் 150 நிமிடம் கடும் பயிற்சி, அல்லது 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு. எங்கள் வகுப்பில் கடுமையான பகுதி ஒரு நாளைக்குப் பதினாறு நிமிடம், மூன்று நாளைக்கு நாற்பத்தெட்டு. போதாது. அதனால் மற்ற நாளில் ரேஸ்கோர்ஸைச் சுற்றி வேகமாக நடக்கிறேன்.

இனி பர்பி. வகுப்பில் எல்லாருக்கும் பயம் தருகிற பயிற்சி அதுதான். நிற்கிற இடத்திலிருந்து குந்தி, கைகளைத் தரையில் ஊன்றி, கால்களைப் பின்னால் எறிந்து, மார்பைத் தரைக்குக் கொண்டுபோய், திரும்பக் கால்களை இழுத்து, எழுந்து, குதிக்க வேண்டும். மூன்றாவது மாதம்தான் எனக்கு உருப்படியாக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுத் திண்ணையில், குதிப்பதை விட்டுவிட்டு, நாலு பர்பி செய்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். இன்னொரு தடவை செய்யச் சொன்னார். அப்புறம் சிரித்தார்.

“இது பஸ்கியும் தண்டாலும் சேர்த்துக் கட்டினது கண்ணு. கட்டுனவன் கெட்டிக்காரன். ஆனா ரெண்டையும் சேத்து மொத நாளே குடுப்பாங்களா?”

அவருடைய வாத்தியார் கொடுக்கவில்லை. முதல் வாரம் அவருக்குக் கிடைத்தது ஐந்து தண்டால், பத்து பஸ்கி. மீதி நேரம் கோதா மண்ணைக் கொத்திச் சலிப்பது. பதினாறு வயதுப் பையனுக்கு அவமானமாக இருந்ததாம். வாரத்துக்கு வாரம் ஒன்றிரண்டு கூட்டிக்கொண்டே போய், ஒரு மண்டலம் முடிந்த பிறகுதான் கர்லாக்கட்டையைத் தொட விட்டார். காய்ச்சல் கண்டு நாலு நாள் வராமலிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்கிவிடுவார். யாருக்கு என்ன எண்ணிக்கை என்று எங்கேயும் எழுதி வைத்ததில்லை, ஆனால் இருபது பேருக்கும் அவரவர் கணக்கு அவருக்குத் தெரியும். பர்பியின் கதையும் கிட்டத்தட்ட அதேதான் சொல்கிறது. 1930களில் நியூயார்க்கில் ராயல் பர்பி என்ற உடலியல் அறிஞர் அதை ஒரு சோதனையாகத்தான் உருவாக்கினார். தண்டாலும் கிடையாது, குதிப்பதும் கிடையாது. நாலு அசைவு, சில தடவைகள், பிறகு இதயத்துடிப்பைப் பார்ப்பது. அவ்வளவுதான். நூறு நூறாகச் செய்வதெல்லாம் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், முப்பத்திரண்டு வயது, என்னோடு வேலை பார்த்தவரின் மகள். வேறொரு இடத்தில் இதே போன்ற வகுப்பில் சேர்ந்தாள். முதல் நாளே, சேர்ந்து செய்தால் உற்சாகம் வரும் என்று எல்லாரோடும் நிறுத்திவிட்டார்கள். ஏப்ரல் மாதம், கதவு சாத்திய ஹால். கால் நடுங்கி நின்றபோது, ‘இன்னும் பத்து, இன்னும் பத்து’ என்று சுற்றி நின்று கை தட்டினார்களாம். வீட்டுக்கு வந்த அன்று ஒன்றுமில்லை. மறுநாள் தொடை கல்லாக வீங்கியது. மூன்றாம் நாள் சிறுநீர் கோலா நிறத்தில் போனது. ஆஸ்பத்திரியில் சி.பி.கே. பரிசோதனை எடுத்துப் பார்த்துவிட்டு, தசை நார்கள் சிதைந்து ரத்தத்தில் கலந்திருக்கிறது, சிறுநீரகம் அடைபடலாம் என்று உடனே சேர்த்துக்கொண்டார்கள். ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். ஆறு நாள் டிரிப்ஸ். பிழைத்துக்கொண்டாள், நல்லபடியாக இருக்கிறாள். உடற்பயிற்சி என்ற பேச்சை எடுத்தாலே இப்போது எழுந்து போய்விடுகிறாள். அந்தக் கடைசி விஷயம்தான் எனக்குத் தாங்கவில்லை. ஆசையாகப் போன பெண்ணை முதல் நாளே விரட்டிவிட்டார்கள்.

அந்தக் கை தட்டியவர்கள் கெட்டவர்கள் இல்லை. பழக்கமில்லாத தசையைத் திடீரென்று எல்லை கடந்து வேலை வாங்கினால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத சித்தப்பாவின் வாத்தியாருக்கு அது தெரிந்திருந்தது. காரணம் கேட்டால் ‘உடம்பு கோவிச்சுக்கும்’ என்பாராம். சாலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது பார் கம்பிகளைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். எங்கள் வீட்டுப் பக்கத்துச் சாலை இருந்த இடத்தில் இப்போது ஆறு மாடிக் குடியிருப்பு நிற்கிறது; கோதா இருந்த இடம் கார் நிறுத்துமிடம். போனது போகட்டும். பெண்ணை உள்ளே விடாத இடம் திரும்ப வர வேண்டும் என்று நான் ஏங்க மாட்டேன். ஆனால் அந்த ஐந்து தண்டால் கணக்கை நாம் தொலைத்திருக்கக் கூடாது.

எனக்கு வாய்த்த கோச்சிடம் அது இருக்கிறது. முதல் இரண்டு வாரம் எட்டுச் சுற்றில் மூன்றுதான் எனக்கு. மீதிச் சுற்றுகளில் இடத்திலேயே நடக்க வைத்தார். பக்கத்தில் மாமியாரும் மருமகளும் பறந்துகொண்டிருக்க, நான் நடந்துகொண்டிருந்தேன். ஏழு மாதம் ஆகிறது. போன மாதப் பரிசோதனையில் சர்க்கரை அளவு 5.8. வீட்டு மாடிப்படியில் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன், நடுவில் நிற்பதில்லை. மாதம் 2,500 ரூபாய் கட்டுகிறேன். அது எல்லாராலும் முடிகிற தொகை இல்லை என்பதும் தெரியும். கார்ப்பரேஷன் பூங்காக்களில் திறந்தவெளி ஜிம் கருவிகள் நிற்கின்றன. அங்கே காலையில் அரை மணி நேரம் பயிற்சி பெற்ற ஒரு ஆளையும் நிறுத்தினால் எத்தனையோ பெண்கள் வருவார்கள்.

நீங்கள் இப்படி ஒரு வகுப்பில் சேரப் போகிறீர்கள் என்றால், குறிப்பாக நாற்பது தாண்டிய பெண்கள், தயவுசெய்து போங்கள். நேரமில்லை என்ற கவலை இதில் தீரும். போகும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் வயதையும் மாத்திரைகளையும் கேட்காமல் முதல் நாளே வரிசையில் நிறுத்தினால், அந்த இடம் வேண்டாம். வெயில் காலத்தில் காற்றோட்டம் இல்லாத ஹாலும் வேண்டாம். முதல் இரண்டு வாரம் எல்லாரும் செய்வதில் பாதி செய்யுங்கள். முடியவில்லை என்றால் நின்றுவிடுங்கள், யார் கை தட்டினாலும் சரி. நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அன்றைக்கு அதோடு சரி. வீட்டுக்கு வந்த பிறகு தசை வீங்கிச் சிறுநீர் கறுத்தால், மறுநாள் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.